பிராதின் முதல் பத்தி

அமெரிக்க அரசியலமைப்பின் கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாக மேலிருந்துதான் தொடங்குவார்கள். 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய மாநாடு, மேடிசன், ஹாமில்டன், உரிமைகள் சாசனம், உள்நாட்டுப் போர், லிங்கன் என்று அது தலைவர்களின் வரிசையாகவே சொல்லப்படும். எனக்கும் அது அப்படித்தான் அறிமுகமாயிற்று. பல ஆண்டுகளாகத் தீர்ப்புகளையும் அவற்றுக்குப் பின்னால் இருந்த வழக்குகளின் வரலாற்றையும் படித்துவந்ததில், என் நினைவில் அழியாமல் நிற்பவர்கள் வேறு ஆட்கள். தான் அடிமையல்ல என்று வழக்குப் போட்ட டிரெட் ஸ்காட்; வாக்காளராகப் பதிவுசெய்யப் போய்த் திருப்பி அனுப்பப்பட்ட வர்ஜீனியா மைனர்; விடியுமுன் போலீஸ் வீடு புகுந்து அவமானப்படுத்திய ஜேம்ஸ் மன்ரோ; வரி கட்டினால்தான் ஓட்டு என்பதை ஏற்க மறுத்த நார்ஃபோக் நகரத் தையல்காரப் பெண்மணி ஈவ்லின் பட்ஸ். அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம் இவர்களில் எவருக்கும் இல்லை. நீதிமன்றத்தில் ஒரு பிராது தாக்கல் செய்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் அந்த நாட்டின் முக்கியமான திருத்தங்கள் பலவற்றின் பிறப்பையோ வாழ்வையோ இப்படிப்பட்ட ஒரு பிராதோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும் என்பது என் உறுதியான கருத்து. திருத்தம் என்பது சட்டமன்றங்களின் பெரிய காரியம், உரிமையியல் வழக்கு என்பது தனிமனிதரின் சில்லறைச் சச்சரவு என்று இரண்டையும் பிரித்து வைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அப்படிப் பிரிக்காமல் பார்த்தால், பிராது தாக்கல் செய்யும் வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும் ஓர் அரசியலமைப்புக் கேள்வியாகிவிடுகிறது.

கூட்டாட்சி நீதிமன்றத்தில் தாக்கலாகும் பிராது எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1938இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் அதை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையாக்கின. மூன்றாம் விதிப்படி, பிராது தாக்கலானதும் வழக்கு தொடங்கிவிடுகிறது. எட்டாம் விதி கேட்பவை மூன்றே விஷயங்கள். இந்த வழக்கை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது. என்ன நடந்தது, அதனால் வாதிக்கு ஏன் பரிகாரம் கிடைக்க வேண்டும். என்ன பரிகாரம் வேண்டும். இவற்றைச் சுருக்கமாக, தெளிவாக, எண்ணிட்ட பத்திகளில் எழுதி, முகவரியோடு கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து வெறும் சடங்கு அன்று. விசாரித்து அறிந்தவரை இதில் உள்ளவற்றுக்கு ஆதாரம் உண்டு, யாரையும் தொல்லைப்படுத்த இதைப் போடவில்லை என்று பதினொன்றாம் விதிப்படி கொடுக்கும் உறுதிமொழி அது. கட்டணம் இன்று 405 டாலர். கட்ட இயலாதவர் தம் வருமான விவரத்தைத் தந்து விலக்குக் கேட்கலாம். தம் சொந்த வழக்கை நடத்த ஒருவருக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. தாக்கலானபின் 90 நாட்களுக்குள் பிரதிவாதிக்குச் சம்மனும் பிராதின் நகலும் சேர்ப்பிக்கப்பட வேண்டும். 18 வயது நிரம்பிய, வழக்கில் தொடர்பில்லாத எவரும் அதைச் சேர்ப்பிக்கலாம். பிரதிவாதிக்குப் பதிலுரை தர 21 நாள், அமெரிக்க அரசே பிரதிவாதியானால் 60 நாள். நாடு முழுவதும் 94 மாவட்ட நீதிமன்றங்களில் இதுதான் நடைமுறை.

எட்டாம் விதி கேட்கும் மூன்றில் முதலாவதை, அதாவது அதிகார வரம்பைச் சொல்லும் பத்தியை, பலரும் இயந்திரத்தனமாக எழுதிவிட்டுக் கடந்துபோவார்கள். அமெரிக்க வரலாற்றின் மிகக் கொடிய தீர்ப்பு அந்தப் பத்தியின்மேல்தான் வந்து விழுந்தது. கூட்டாட்சி நீதிமன்றம் எல்லா வழக்கையும் எடுக்க முடியாது. அரசியலமைப்போ கூட்டாட்சிச் சட்டமோ சம்பந்தப்பட்ட வழக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலக் குடிமக்களாக இருக்க வேண்டும். இன்று இந்த இரண்டாம் வகைக்கு 75,000 டாலருக்கு மேற்பட்ட தாவாவும் வேண்டும். டிரெட் ஸ்காட் 1846இல் செயின்ட் லூயிஸில் மாநில நீதிமன்றத்தில் தொடங்கினார். 1850இல் வென்றார். 1852இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. பிறகு 1853இல் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். தான் மிசௌரியின் குடிமகன், பிரதிவாதி ஜான் சான்ஃபோர்டு நியூயார்க்கின் குடிமகன், ஆகவே இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பது அவர் பிராதின் அடிப்படை. எதிர்த்தரப்பு அந்த ஒரே இடத்தில் கைவைத்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் குடிமகனே அல்லர், எனவே வழக்குப் போடும் தகுதியே இல்லை என்றது. விசாரணை நீதிபதி அந்த ஆட்சேபத்தை ஏற்கவில்லை. வழக்கு ஜூரிவரை போயிற்று, அங்கே ஸ்காட் தோற்றார். 1857 மார்ச் 6 அன்று தலைமை நீதிபதி டேனி, கீழே தள்ளப்பட்ட அந்த ஆட்சேபத்தைத் தூக்கி நிறுத்தினார். கறுப்பினத்தவர், அடிமையோ விடுதலை பெற்றவரோ, அமெரிக்க அரசியலமைப்பின் பொருளில் குடிமக்கள் ஆக முடியாது என்றார். பதினோரு ஆண்டுப் போராட்டத்துக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில், நீ வாசலுக்குள்ளேயே வரக்கூடாது என்பது.

இப்போது 1868 ஜூலையில் ஒப்புதல் பெற்ற பதினான்காம் திருத்தத்தின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் பிறந்து அல்லது குடியுரிமை பெற்று அதன் ஆளுகைக்கு உட்பட்ட அனைவரும் அமெரிக்காவின் குடிமக்கள் என்பதோடு அது நிற்கவில்லை. தாம் வசிக்கும் மாநிலத்தின் குடிமக்களும் ஆவர் என்கிறது. அந்தக் கடைசிப் பகுதி எதற்கு? நாட்டின் குடிமகன் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதாதா? போதாது. ஸ்காட் தன் பிராதில் சொல்லியிருந்தது தான் மிசௌரி மாநிலத்தின் குடிமகன் என்பதை. மறுக்கப்பட்டதும் அதுவே. 1866 மே மாதம் செனட்டர் ஜேக்கப் ஹோவர்டு சேர்க்கச் சொன்ன அந்த வாக்கியம், ஓர் அடிமையின் பிராதில் இருந்த முதல் கூற்றுக்கு நாடு காலந்தாழ்ந்து தந்த பதில். இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். திருத்தத்தைக் கொண்டுவந்தது ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த போர்தானே, ஒரு வழக்கா கொண்டுவந்தது? போர்தான் கொண்டுவந்தது. போர் இல்லாமல் தென் மாநிலங்கள் அதற்கு ஒருபோதும் இணங்கியிருக்க மாட்டா. ஆனால் போர் வெற்றியைத் தரும். சட்டத்தின் வாசகத்தைத் தராது. எந்தக் கேள்விக்கு விடை எழுத வேண்டும் என்பதை ஸ்காட்டின் வழக்கு முன்பே துல்லியமாக வரைந்து வைத்திருந்தது. ஸ்காட் அதைப் பார்க்கவில்லை. தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் வேறு வழியாக விடுதலை பெற்று, 1858இல் இறந்துபோனார்.

இது ஓர் அபூர்வ நிகழ்வு என்று ஒதுக்கிவிட முடியாது. பதினோராம் திருத்தம் நேரடியாக ஒரு கடன் வழக்கிலிருந்து வந்தது. புரட்சிப் போரின்போது ஜார்ஜியாவுக்குச் சரக்கு கொடுத்துப் பணம் வராத ஒரு தென் கரோலினா வணிகரின் சொத்துப் பொறுப்பாளர் சிஸம், ஜார்ஜியாவின்மேல் உச்ச நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டார். 1793இல் வென்றார். மாநிலங்கள் கொதித்தன. அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற வருபவரைத் தூக்கிலிட வேண்டும் என்று ஜார்ஜியாவின் கீழவை ஒரு மசோதாவையே நிறைவேற்றியது. இரண்டே ஆண்டில், பிற மாநிலத்தார் ஒரு மாநிலத்தின்மேல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதைத் தடுக்கும் திருத்தம் ஒப்புதல் பெற்றுவிட்டது. பதினாறாம் திருத்தத்தின் பின்னால் இருப்பவர் ஏழையும் அல்லர், ஒடுக்கப்பட்டவரும் அல்லர். தன் கம்பெனி வருமான வரி கட்டக்கூடாது என்று தடை கேட்ட பங்குதாரர் சார்லஸ் பொல்லாக். 1895இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் வென்றதால், வருமான வரி போடும் அதிகாரத்தை நாடு 1913இல் திருத்தம் மூலம்தான் மீட்க வேண்டியிருந்தது. வர்ஜீனியா மைனர் செயின்ட் லூயிஸில், ஸ்காட் நின்ற அதே நீதிமன்றக் கட்டடத்தில் வழக்குத் தொடுத்தார். மணமான பெண் தனியாக வழக்குப் போட மிசௌரி சட்டம் அனுமதிக்காததால் வழக்கறிஞரான கணவர் பிரான்சிஸும் உடன் வாதியாகச் சேர்ந்தார். குடிமகள் என்றால் ஓட்டுரிமையும் உண்டு என்று பதினான்காம் திருத்தத்தை வைத்து வாதிட்டார்கள். 1875இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது. அதன்பின் பெண்களின் இயக்கத்துக்கு நீதிமன்ற வழி அடைபட்டது. மாநிலம் மாநிலமாகப் போராடியும் திருத்தம் கேட்டும் 1920இல் பத்தொன்பதாம் திருத்தம்வரை போக வேண்டியதாயிற்று. தோற்ற வழக்கு வீண் வழக்கு என்று நினைப்பவர்கள் ஸ்காட்டையும் மைனரையும் நினைத்துப்பார்க்க வேண்டும். சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை எல்லாரும் பார்க்கும்படி எழுத்தில் பதிய வைத்தவை அந்தத் தோல்விகள்.

திருத்துவது அங்கே ஏன் அவ்வளவு கடினம் என்பதைச் சொல்லாவிட்டால் இந்த வழக்குகளின் எடை புரியாது. அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு இரண்டு படிகளை வைத்திருக்கிறது. காங்கிரசின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முன்மொழிய வேண்டும். அல்லது மூன்றில் இரண்டு பங்கு மாநிலச் சட்டமன்றங்கள் கேட்டால் அதற்கென ஒரு மாநாடு கூட்டப்பட வேண்டும். இந்த இரண்டாம் வழி இன்றுவரை ஒருமுறைகூடப் பயன்படவில்லை. பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், இன்றைய கணக்கில் 38, ஒப்புதல் தர வேண்டும். அதிபரின் கையெழுத்துக்கு இதில் வேலையில்லை. 1798லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. இதுவரை காங்கிரசில் முன்வைக்கப்பட்ட திருத்த யோசனைகள் 11,000க்கு மேல். மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டவை 33. நிறைவேறியவை 27. நாட்டில் ஒரு மாற்றம் வேண்டும் என்ற விருப்பம் மட்டும் இருந்தால் இந்தப் படிகளை ஏற முடியாது. இருக்கிற சட்டம் இனி தாங்காது என்பது எல்லாக் கட்சிக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். அதைத் தெரியவைப்பதில் வழக்குக்கு நிகரானது குறைவு. 1970இல் 18 வயதினருக்கு ஓட்டுரிமை தரும் சட்டத்தை எதிர்த்து ஒரேகானும் டெக்சாஸும் உச்ச நீதிமன்றத்திலேயே பிராது தாக்கல் செய்தன. மத்தியத் தேர்தலுக்குச் செல்லும், மாநிலத் தேர்தலுக்குச் செல்லாது என்று டிசம்பர் 21 அன்று தீர்ப்பு வந்தது. ஒரே வாக்குச்சாவடியில் இரண்டு வாக்காளர் பட்டியல் வைக்க வேண்டிய நிலை. அடுத்த மார்ச் 23இல் காங்கிரஸ் திருத்தத்தை முன்மொழிந்தது. ஜூலை 1இல் போதிய மாநிலங்கள் ஒப்புதல் தந்துவிட்டன. நூறே நாட்கள். வியட்நாம் போரும் மாணவர் கிளர்ச்சியும் சூழலை உருவாக்கியிருந்தன என்பது மெய். ஆனாலும் அந்த வேகத்தைத் தந்தது தீர்ப்பு உண்டாக்கிய நடைமுறைச் சிக்கல்.

எல்லாத் திருத்தத்துக்கும் ஒரு வழக்கு தாயாக இருந்தது என்று நான் வாதிடவில்லை. இருமுறைக்கு மேல் ஒருவர் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்ற இருபத்திரண்டாம் திருத்தம் அரசியலிலிருந்து வந்தது. இருபத்தேழாம் திருத்தத்தின் கதை இன்னும் விசித்திரமானது. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை உயர்த்திக்கொண்டால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடப்புக்கு வர வேண்டும் என்று மேடிசன் 1789இல் கொண்டுவந்தது அது. கிடப்பில் கிடந்த அதை டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் 1982இல் ஒரு பாடக் கட்டுரைக்காகத் தேடும்போது கண்டெடுத்தார். மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி எழுதியே 1992இல் அது ஒப்புதல் பெறக் காரணமானார். இங்கே வழக்கு இல்லை. ஆனால் ஒப்புதல் பெற்ற அதே ஆண்டில் என்ன நடந்தது? பின்னாளில் கீழவைத் தலைவரான ஜான் பேனர், ஆண்டுதோறும் தானாக ஏறும் சம்பள உயர்வு இந்தத் திருத்தத்துக்கு முரண் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் பிராது போட்டார். 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முரண் இல்லை என்றது. இருநூறு ஆண்டு கடந்து வந்த அந்த வாசகத்துக்கு நடைமுறையில் என்ன பொருள் என்று நாடு அறிந்துகொண்டது அந்தப் பிராதின் மூலம்தான்.

திருத்தம் பிறந்தபின் அது எப்படி உயிர்வாழ்கிறது என்பதில்தான் என் வாதம் மேலும் வலுப்பெறுகிறது. பதினான்காம் திருத்தம் வந்த மூன்றே ஆண்டில், 1871இல், கு க்ளக்ஸ் க்ளான் வன்முறையை ஒடுக்க ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மாநில அதிகாரத்தின் பெயரால் ஒருவருடைய அரசியலமைப்பு உரிமையைப் பறிப்பவர் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குப் போடலாம் என்பது அதன் முதல் பிரிவு. இன்று சட்டத் தொகுப்பில் 1983ஆம் பிரிவு என்று அறியப்படுவது அதுதான். தொண்ணூறு ஆண்டுகள் அது நெல் நிறைந்தும் பூட்டியே வைத்த பத்தாயமாகக் கிடந்தது. 1958 அக்டோபரில் சிகாகோவில் 13 போலீஸ் அதிகாரிகள் வாரண்ட் இல்லாமல் ஜேம்ஸ் மன்ரோவின் வீட்டுக்குள் விடியுமுன் புகுந்தார்கள். குழந்தைகள் இருந்த வீட்டில் பெற்றோரை ஆடையின்றி நிற்கவைத்தார்கள். மன்ரோவைப் பத்து மணி நேரம் காவலில் வைத்துக் குற்றம் எதுவும் சாட்டாமல் விட்டார்கள். மன்ரோ குடும்பத்தார் தாக்கல் செய்த பிராதைக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளின. மாநிலச் சட்டத்தையே மீறிய போலீஸ்காரரின் செயல் எப்படி மாநிலத்தின் செயலாகும் என்பது அவற்றின் நியாயம். 1961இல் உச்ச நீதிமன்றம், சீருடையின் அதிகாரத்தால் செய்த எதுவும் அதில் அடங்கும் என்று சொல்லி வழக்கை உயிர்ப்பித்தது. திருத்தத்தின் வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது, அந்த வாசகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறலாம் என்ற நிலை. இருபத்திநான்காம் திருத்தமும் இப்படியே. வாக்குரிமைக்குத் தலைவரி கேட்பதை அது 1964இல் தடைசெய்தது, ஆனால் மத்தியத் தேர்தல்களுக்கு மட்டும். மாநிலத் தேர்தலுக்கு வர்ஜீனியா தொடர்ந்து ஒன்றரை டாலர் வசூலித்தது. ஈவ்லின் பட்ஸும் ஆனி ஹார்ப்பரும் போட்ட வழக்குகளில்தான், 1966இல், அந்தப் பாதியும் ஒழிந்தது. 38 மாநிலங்களைச் சேர்த்துக் கொண்டுவந்த திருத்தம் தொடாமல் விட்டதை இரண்டு பெண்களின் பிராது முடித்துவைத்தது.

தமிழ் வாசகருக்கு இந்தத் தொடர்பு அந்நியமானதன்று. இந்திய அரசியலமைப்பின் முதல் திருத்தத்தின் ஒரு பகுதி சென்னையில் தொடங்கியது. வகுப்புவாரி அரசாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது, பெரியார் வீதியில் இறங்கினார், ஜூன் 18 அன்று இடஒதுக்கீட்டுக்கு இடம்தரும் 15(4) உட்பிரிவு அரசியலமைப்பில் ஏறியது. பத்து வாரங்கள். அங்கும் வழக்கில் வென்றவரின் நோக்கம் ஒன்று, அதனால் விளைந்த திருத்தம் அதற்கு நேர் எதிரானது. பொல்லாக் வழக்கைப் போலவே வென்ற தரப்பை வரலாறு தோற்கடித்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வழக்கு ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாததாக ஆக்கிவிடுகிறது. நான் சொல்வது அதுவே.

இதற்கு எதிராக வைக்கப்படும் மிகப் பலமான ஆட்சேபம் மக்களாட்சி பற்றியது. மக்கள் பிரதிநிதிகள் 38 மாநிலங்களில் வாக்களித்துச் செய்ய வேண்டியதை, தேர்ந்தெடுக்கப்படாத ஒன்பது நீதிபதிகள் ஒரு பிராதை வைத்துச் செய்துவிடலாமா? இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1970இல் டெக்சாஸில் தாக்கலான ஒரு பிராது 1973இல் கருக்கலைப்பு உரிமையைக் கொண்டுவந்தது. மிசிசிப்பியில் தாக்கலான இன்னொரு பிராது 2022இல் அதை எடுத்துக்கொண்டது. அந்தப் பிரச்சினையில் எந்தப் பக்கம் நிற்பவருக்கும் ஒரு பாடம் அதில் உண்டு. வழக்கால் மட்டும் வந்த உரிமையை வழக்கு திரும்ப எடுக்கலாம். திருத்தத்தில் எழுதப்பட்டதை எடுக்க இன்னொரு திருத்தம் வேண்டும், மதுவிலக்கை நீக்க 1933இல் வேண்டியிருந்ததுபோல. ஆகவே பிராது திருத்தத்துக்கு மாற்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதேசமயம், நீதிமன்றத்தை ஒதுக்கிவிட்டுத் திருத்தத்தை மட்டும் நம்புங்கள் என்பவர்கள் 1868க்கும் 1961க்கும் இடைப்பட்ட காலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எழுதப்பட்ட உரிமை முழுவதும் அங்கே இருந்தது. கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி, ஓட்டு மறுப்பு எல்லாம் அதன் கண்ணெதிரே நடந்தன. 1951 பிப்ரவரியில் கேன்சஸ் மாநிலம் டொபீகாவில் 13 பெற்றோர் சேர்ந்து தாக்கல் செய்த பிராது இல்லாமல் அந்தத் திருத்தத்தின் சம பாதுகாப்பு வாசகம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்திருக்காது.

அடுத்த ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதி வழக்காக்கலாம் என்றால் நீதிமன்றங்கள் பொய்வழக்குகளில் மூழ்காதா? 2007, 2009 ஆண்டுகளில் இரண்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இந்தக் கவலைக்குச் செவிசாய்த்து வாசலைக் குறுக்கியது. இரண்டாவது வழக்கு நம் தெற்காசியரோடு தொடர்புடையது. நியூயார்க்கில் கேபிள் டி.வி. தொழில்நுட்பப் பணியாளராக இருந்த பாகிஸ்தானியர் ஜவாத் இக்பால், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப்பின் கைதாகி புரூக்ளின் காவல் மையத்தில் கடுந்தனிமையில் வைக்கப்பட்டார். மதத்தையும் இனத்தையும் வைத்தே தன்னை அப்படி நடத்தினார்கள், மேலிடத்தின் கொள்கை அது என்று அட்டர்னி ஜெனரலையும் சேர்த்து வழக்குப் போட்டார். ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அந்த உயர் அதிகாரிகளுக்கு எதிரான கூற்றுகள் போதா என்றது. முடிவுகளை மட்டும் சொன்னால் போதாது, நம்பத்தக்க உண்மைகள் வேண்டும் என்பது விதியாயிற்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலிடத்தில் யார் யாருக்கு என்ன உத்தரவிட்டார் என்பது எதிர்த்தரப்பின் கோப்புகளில் இருக்கும்போது, அதைப் பிராதிலேயே எழுது, எழுதினால்தான் கோப்பைக் கேட்கும் உரிமை தருவோம் என்பது சிறையில் இருந்தவரிடம் கேட்கத்தக்கதா? இது அநீதி என்று நான் கருதுகிறேன். பொய்வழக்கைத் தண்டிக்கப் பதினொன்றாம் விதி ஏற்கெனவே இருக்கிறது. அதிகாரிகள் மீறிய உரிமை முன்பே தெளிவாக நிலைநாட்டப்பட்டிருந்தாலொழிய அவர்கள் நட்டஈடு தர வேண்டாம் என்ற விலக்கும் இருக்கிறது. அதற்குமேல் வாசலையும் குறுக்கினால் திருத்தங்கள் மீண்டும் 1961க்கு முந்திய நிலைக்குப் போகும்.

பிராதின் மூன்றாம் பகுதியான பரிகாரமும் இப்போது அரசியலமைப்புப் போர்க்களமாகியிருக்கிறது. 2025 ஜனவரி 20 அன்று, தற்காலிக விசாவில் இருக்கும் தாய்க்கும், குடிமகனோ நிரந்தரவாசியோ அல்லாத தந்தைக்கும் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புக் குடியுரிமை இல்லை என்று ஓர் அதிபர் ஆணை வந்தது. எச்1பி விசாவில் இருக்கும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களை நேராகத் தொட்ட ஆணை அது. எதிர்த்து நின்றது, டிரெட் ஸ்காட்டுக்குப் பதிலாக எழுதப்பட்ட அதே முதல் வாக்கியம். முதல் நாளிலேயே பிராதுகள் தாக்கலாகத் தொடங்கின. மறுநாள் 22 மாநிலங்கள் சேர்ந்தன. 23ஆம் தேதி சியாட்டில் நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுத்தவர்களுக்கு வேண்டியதைத் தாண்டி நாடு முழுவதற்கும் மாவட்ட நீதிபதிகள் தடை கொடுக்கலாகாது என்றது. உடனே நியூ ஹாம்ப்ஷயரில் பாதிக்கப்படும் குழந்தைகள் எல்லாரையும் ஒரு வகுப்பாக்கிக் கூட்டுவழக்குத் தொடுக்கப்பட்டு, ஜூலையில் மீண்டும் தடை பெறப்பட்டது. யாருக்காக, என்ன பரிகாரம் என்று பிராதில் எழுதும் சில வரிகள் ஒரு குழந்தை எந்த நாட்டவராகப் பிறக்கிறது என்பதைத் தொடுகின்றன. இதையும் சில்லறை விஷயம் என்று எவரால் சொல்ல முடியும்?

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் இந்த நடைமுறையைக் கற்றுவைத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறேன். குடிமக்கள் அல்லாதவர்க்கும் இது உரியது. பதினான்காம் திருத்தத்தின் உரிய சட்டமுறையும் சம பாதுகாப்பும் ‘எந்த ஒரு நபருக்கும்’ என்றே எழுதப்பட்டவை, 1886இல் சான் பிரான்சிஸ்கோவின் சீனச் சலவைக்காரர் வழக்கில் அது நிலைநாட்டப்பட்டுவிட்டது. திருத்தங்களைத் தெரியாமல் பிராது எழுதினால் முதல் பத்தியிலேயே இடறும். மாநிலத்தின் பெயரைப் பிரதிவாதியாக எழுதினால் பதினோராம் திருத்தம் குறுக்கே நிற்கும்; குறிப்பிட்ட அதிகாரியின் பெயரை எழுத வேண்டும், நகராட்சியானால் அதன் கொள்கையோ வழக்கமோ தீங்கு செய்தது என்று காட்ட வேண்டும். தனியார் கம்பெனி உங்கள் பேச்சைத் தடுத்தது என்று முதல் திருத்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. அது அரசைக் கட்டுப்படுத்தும் திருத்தம். நடந்த நாளிலேயே தேதி, இடம், அதிகாரியின் பெயர், அடையாள எண், பார்த்தவர்கள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். இக்பால் வழக்குக்குப் பிறகு பிராதை நிலைக்க வைப்பவை அவைதான். வழக்கறிஞரை முதல் வாரத்திலேயே பாருங்கள். 1983ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போடும் காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டென்னசியில் ஓராண்டு, டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் இரண்டு ஆண்டு, நியூயார்க்கில் மூன்று ஆண்டு.